பல்பொடியில் தேய்த்த கிறிஸ்டல்

இரும்புலியூரைத் தாண்டும்போது வலது தோள் மரத்துப்போயிருந்தது. சாக்கை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு தெற்கே நடந்தேன். சாக்குக்குள் நானே கட்டிய டிரான்ஸ்மிட்டர், அதன் பவர் டிரான்ஸ்ஃபார்மர், வளையமாகச் சுற்றிய அறுபத்தாறு அடி செம்புக் கம்பி, மோர்ஸ் கீ, இரண்டு சட்டை. டிரான்ஸ்ஃபார்மர்தான் கனம். அதன் மூலை ஒவ்வொரு எட்டுக்கும் முதுகெலும்பில் வந்து இடித்தது. கிறிஸ்டல் மட்டும் பஞ்சு சுற்றித் தீப்பெட்டிக்குள் என் சட்டைப்பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி இருக்கும். தாம்பரத்தில் என் வேலையும் நான் இருந்த அறையும் ஒரே பேச்சில் போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஊரப்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், கல்யாணமானவர். அந்தத் திசையில் எனக்குச் சோறு போட்டுப் பாய் விரிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அன்று காலை நான் அவருக்குச் செய்த காரியத்தை அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் நடந்தேன்.

அந்தக் காரியம் அவருக்காகச் செய்ததில்லை. வேறொருவருக்காக ஒரு வருடம் காத்திருந்து செய்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கிறிஸ்டலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக இருந்தேன், ஐஸ் ஃபேக்டரியில் இருந்தேன், சர்க்கஸ் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓட்டினேன். சீனாக்காரனோடு சண்டை வந்த பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய் வரிசையில் நின்றேன். சிக்னல் பிரிவில் போட்டார்கள். புள்ளியும் கோடுமாகத் தந்தி அடிக்கிற மோர்ஸ் அங்கே கற்றது. மலைமேல் குளிரில் இடது காலில் இரண்டு விரல் கறுத்துப்போய், வெட்டி எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போ என்று அனுப்பினார்கள். வீடு என்று ஒன்று இல்லாததால் தாம்பரத்தில் இறங்கினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அறைக்குப் பின்னால் சரியான இடைவெளியில் இரண்டு தென்னை மரம். அந்த மரங்களைப் பார்த்துத்தான் வேலைக்கு ஒப்புக்கொண்டேன்; ஏரியல் கம்பி கட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினேன். சொந்த செட்டை வைத்துக்கொண்டு, தொழிலாக இல்லாமல், உலகத்தில் அதே லைசென்ஸ் உள்ள யாரோடும் பேசலாம் என்று அரசாங்கம் தருகிற அனுமதி அது. அனுமதி ஆளுக்கு மட்டும் இல்லை, முகவரிக்கும் சேர்த்து. அறை மாறினால் எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை கீயைத் தொடக் கூடாது.

செட்டைக் கட்டிவிடலாம். கிறிஸ்டலைக் கட்ட முடியாது. பழைய பட்டாளச் சாமான் விற்கிறவனிடம் ஒன்று தேடிப் பிடித்தேன். தபால்தலை அளவுக்கு ஒரு மெல்லிய தகடு. அது எந்த அலைவரிசைக்கு வெட்டப்பட்டதோ அதில் மட்டும்தான் செட் பேசும். வீட்டு ரேடியோவில் குமிழைத் திருகி நிலையம் மாற்றுகிறோமே, அந்த வசதி என் டிரான்ஸ்மிட்டருக்குக் கிடையாது. ஏழாயிரத்துப் பன்னிரண்டு கிலோசைக்கிள். அங்கேதான் நான் இருந்தேன். இந்தப் பூமியில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான், சொல்வதற்கு வெட்கமில்லை.

ரயில் பாதைக்குக் கிழக்கே, அரை மைல் தூரத்தில், ஒரு எஞ்சினியர் இருந்தார். பெரிய ஃபேக்டரியில் பெரிய வேலை. வெளிநாட்டு செட், மொட்டைமாடியில் இரும்புக் கோபுரம். அவர் செட்டில் குமிழ் உண்டு. பேண்டு என்று நாங்கள் சொல்கிற அலைவரிசைப் பட்டையில் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆனாலும் மனிதர் ஏழாயிரத்துப் பதினெட்டில்தான் உட்காருவார். அது அவருக்கு ராசியான இடமாம்.

வருடத்தில் சில சனி ஞாயிறுகளில் உலகப் போட்டி நடக்கும். சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குத் தொடங்கித் திங்கள் விடிய ஐந்தரைவரை. எத்தனை பேரோடு, எத்தனை நாட்டோடு பேசினோம் என்பதுதான் போட்டி. ஒருவர் எண் கொடுக்க வேண்டும், மற்றவர் எண் கொடுக்க வேண்டும், இரண்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் சேர்த்தி. அந்த இரண்டு நாளும் பட்டை காலை எட்டு மணிக்குப் பீச் ஸ்டேஷன் போகிற ரயில் மாதிரி நெரியும். அதிலும் ஒரு முறை உண்டு. கீயைத் தொடும் முன் ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா’ என்று அடித்துக் கேட்டு, காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ‘இருக்கிறேன்’ என்று பதில் வந்தால் எழுந்து போய்விட வேண்டும். முதலில் உட்கார்ந்தவன் இடம் அது. அவன் மந்திரியானாலும் சரி, ரிப்பேர் கடைக்காரனானாலும் சரி.

தாம்பரம், குரோம்பேட்டை, ஊரப்பாக்கம் பக்கம் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒருவர் சத்தம் மற்றவர் காதை அடைக்கும். அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கிறிஸ்டல்காரர்கள் நகர முடியாதவர்கள். அவர்கள் இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, குமிழ்க்காரர்கள் மூன்று கிலோசைக்கிள் தள்ளி நிற்க வேண்டும். இதை கிராஃப் தாளில் வண்ணப் பென்சிலால் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தவரே அந்த எஞ்சினியர்தான். கோடு போட்டவர் அவர் என்பதை நான் மறக்கவே இல்லை.

முதல் போட்டி. ஞாயிறு விடியற்காலை ஐந்தே முக்கால். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் வீங்கியிருந்தேன். திடீரென்று, கொசு முனகுவதுபோல, பிரேசிலிலிருந்து ஒரு ஆள் என்னைக் கூப்பிட்டான். லைசென்ஸோடு எனக்குக் கொடுத்திருந்த அழைப்புக்குறியில் பாதி கிடைத்திருந்தது அவனுக்கு. முழுதாக அடித்தேன். அவன் எண் கொடுத்தான், எழுதிக்கொண்டேன். நான் எண் கொடுத்தேன். ‘மறுபடி’ என்று கேட்டான். கீயின்மேல் விரலை வைத்தேன். அந்த நொடியில் எஞ்சினியர் என் தலைமேல் வந்து இறங்கினார். கேட்கவில்லை, காத்திருக்கவில்லை. என் ஹெட்ஃபோன் அலறியது. பிரேசில்காரனுக்கு இரண்டு சத்தத்தில் பெரிய சத்தம்தான் கேட்டிருக்கும். அவரோடு எண் மாற்றிக்கொண்டு போய்விட்டான். மொத்தம் நாற்பது வினாடி. என் தாளில் பாதி எழுதிய வரி அப்படியே நின்றது. பன்னிரண்டு வாட் செட்டுக்குக் கடல் தாண்டி வந்த ஒரே பதில் அது.

அடுத்த ஞாயிறு, ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஆறு பேரும் கூடினோம். எஞ்சினியர் தன் பிரேசில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சார், அந்த நேரத்துல நான் அவனோட பேசிகினு இருந்தேன். நீங்க மேல வந்து உக்காந்துட்டீங்க” என்றேன்.

“நீயா? எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா. ஃப்ரீக்வென்சி க்ளியரா இருந்துது.”

நான் கீயைத் தொட்டால் தன் மீட்டர் முள் கடைசிவரை போய் இடிக்கிறது என்று அதே டீக்கடையில் புலம்பியவர் அவர்.

“அரை மைல்ல கீறேன் சார். எப்பிடிக் கேக்காம போவும்?”

“பன்னெண்டு வாட்டை வெச்சுக்கிட்டு பிரேசிலா? அவன் உன்னக் கொசுன்னு நெனச்சுத் தட்டி விட்டிருப்பான்.” எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “ஒண்ணு பண்ணு. குமிழ் வெச்ச செட்டாக் கட்டிக்கோ. இல்லேன்னா வேற எங்கயாவது போய்க்கோ. பேண்டு என்ன உன் பேருக்குப் பட்டாவா?”

மறுபடி சிரிப்பு. டிராயிங் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார். நானும் சிரித்தேன். எனக்கு அப்படித்தான் பழக்கம். பட்டாளத்தில் சுபேதார் அறைந்தபோதும் சிரித்திருக்கிறேன். பிறகு அறைக்குப் போய், பாதி எழுதிய வரி இருந்த தாளை சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

அன்றிலிருந்து அவருடைய ஏழாயிரத்துப் பதினெட்டைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை. அங்கே எனக்கு இடம் வேண்டும். கிறிஸ்டலைத் தேய்த்தால் அலைவரிசை மேலே ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறினது இறங்காது என்பதும் தெரியும். என்னுடைய ஏழாயிரத்துப் பன்னிரண்டைத் தேய்த்தால் எனக்கென்று ஒதுக்கிய இடம் அன்றோடு போனது. போகட்டும் என்று தேய்க்க உட்கார்ந்தேன்.

கண்ணாடித் துண்டின்மேல் மெக்கானிக் கடையில் வாங்கிய, வால்வு தேய்க்கிற பேஸ்ட்டைத் துளி தடவி, ஒற்றை விரலால் தகட்டை எட்டுப் போடுவதுபோலச் சுழற்ற வேண்டும். பத்துச் சுற்று, கழுவு, துடை, மாட்டிப் பார். மறுபடி பத்துச் சுற்று. கடைசிப் பதத்துக்குப் பேஸ்ட் ஆகாது, முரடு. அதற்குப் பல்பொடி. அளப்பதற்கு என்னிடம் கருவி இல்லை. எஞ்சினியரே அளவுகோல். தினமும் மாலை ஏழு மணிக்கு ராசியான இடத்துக்கு வந்து யாரோடாவது பேசுவார். அவர் சத்தத்தையும் என் கிறிஸ்டலின் சத்தத்தையும் ஒரே ரிசீவரில் கேட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு விசில் எழும். நான் நெருங்க நெருங்க அந்த விசில் தடித்து, தாழ்ந்து, கடைசியில் அடங்க வேண்டும். அவர் தன்னை அறியாமல் எனக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாலைகளில் எனக்கிருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

கடைசி நாள் விசில் அடங்குகிற தறுவாயில் இருந்தது. இன்னும் இரண்டு சுற்று போதும். விரல் பாட்டுக்கு ஏழெட்டுச் சுற்றிவிட்டது. மாட்டிப் பார்த்தால் அவரைத் தாண்டி ஒன்றரை, இரண்டு கிலோசைக்கிள் மேலே போயிருந்தேன். கிராஃப் தாளை எடுத்துப் பார்த்தேன். எஞ்சினியர் பதினெட்டு. இருபத்தொன்று டிராயிங் மாஸ்டர். அவருக்கும் என்னைப்போல ஒற்றைக் கிறிஸ்டல். நான் இருவருக்கும் நடுவில், மாஸ்டர் பக்கம் ஒட்டி நின்றேன்.

மாஸ்டர் ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போவார், சனிக்கிழமை பள்ளிக்கூட வேலை இருக்கும், போட்டிக்கு வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். மோர்ஸ் கீயின் குறுக்கே ஒரு கண்டென்சர் போடுவது வழக்கம். அது இருந்தால் புள்ளியும் கோடும் மழமழவென்று வரும். எடுத்துவிட்டால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு தெறிப்பு எழும். பக்கத்தில் இருப்பவன் பட்டையில் எங்கே போனாலும் காதில் ஆணி இறங்கும். என் சிக்னல் சுத்தம் என்று மற்ற ஐந்து பேரும் சொல்வார்கள். எனக்கு அவர்களிடம் இருந்த மரியாதை அது ஒன்றுதான். சால்டரிங் அயர்னை வைத்து அந்தக் கண்டென்சரைக் கழற்றி எடுத்தேன்.

மறு வருடப் போட்டி. சனிக்கிழமை ஐந்து மணிக்கே உட்கார்ந்தேன். முறைப்படி கேட்டேன். இரண்டு நிமிடம் காத்திருந்தேன். பதிலில்லை. இடம் என்னுடையதாயிற்று. ஐந்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எஞ்சினியர் தன் பதினெட்டுக்கு வந்தார். என் சத்தம் அவர் காதில் விசிலாக ஊதியிருக்க வேண்டும். யாரென்று கேட்டார். என் அழைப்புக்குறியைக் கொடுத்தேன். நகரச் சொன்னார். ‘இருக்கிறேன்’ என்று மட்டும் அடித்தேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இருக்கிறேன்.

அவர் குமிழைத் திருப்பிக்கொண்டு கீழே போனார். தெறிப்பு கூடவே போனது. மேலே போனார், அங்கேயும் போனது. அந்த வருடம் அவர் நாற்பது மீட்டர் பட்டையில், அதாவது இந்த ஏழாயிரத்துச் சொச்சத்தில் மட்டும் ஆடப் போவதாக முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் கோபுரத்தை உயர்த்தியிருந்தார். வேறு பட்டைக்கு ஓட வழியில்லை. நான் யாரையும் திட்டவில்லை, யார் பேச்சின்மேலும் ஏறவில்லை. என் இடத்தில் உட்கார்ந்து, போட்டிக்கு அழைக்கிற அழைப்பைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். அவர் எண் வாங்குகிற நேரம் பார்த்து அடித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நடுவில் நிறுத்திக் கேட்டால் அவர் ‘மறுபடி, எண் மறுபடி’ என்று எதிராளியைக் கெஞ்சிக்கொண்டிருப்பார். எதிராளி பொறுமை இழந்து போய்விடுவான். ஒவ்வொரு ‘மறுபடி’யும் எனக்கு ஒரு கவளம் சோறு. அன்று முழுவதும் நான் இரண்டு பன்னுக்கு மேல் சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணி சுமாருக்கு, என் அழைப்புகளுக்கு நடுவில், மெலிதாக ஒரு கேள்வி வந்தது. ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா?’ கடைசிக் கோட்டை இழுத்து விடுகிற பழக்கம் ஊரப்பாக்கத்து டிராயிங் மாஸ்டர் கைக்கு மட்டும் உண்டு. குறியைக் கேட்கும் முன்பே ஆள் தெரிந்துவிட்டது.

‘இருக்கிறேன்’ என்று அடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் அழைப்புக்குறியைப் போட்டு, ‘தயவுசெய்து’ என்று சேர்த்து, மறுபடி கேட்டார். அதே நேரம் எஞ்சினியர் கீழே யாரையோ பிடித்து எண் வாங்கிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்காகக் கீயிலிருந்து கையை எடுத்தால் எஞ்சினியருக்கு அந்த எண் கிடைத்துவிடும். ‘இருக்கிறேன்’ என்று மறுபடி அடித்து, நிறுத்தாமல் அழைப்பைத் தொடர்ந்தேன். அதன்பின் மாஸ்டரின் சத்தம் வரவில்லை.

பதினோரு மணிக்கு எஞ்சினியரின் கார் கடை வாசலில் நின்றது. பைஜாமா, கசங்கிய பனியன். ஹெட்ஃபோன் அழுத்தி இரண்டு காதும் தக்காளி மாதிரி சிவந்திருந்தன.

“என்னய்யா உன் செட்டு? பேண்டு பூரா தெறிக்குது!”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார். க்ளியரா கீது.”

“விளையாடாதே. ரெண்டு நாளா ஒருத்தனையும் என்னால எடுக்க முடியல. காலைல பிரேசில் போச்சு, அர்ஜென்டினா போச்சு.” குரல் இறங்கியது. “நாளைக்கு விடியகாலம் ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்து. நானே வந்து கேக்கறேன்ல?”

“பேண்டு உங்க பேருக்குப் பட்டாவா சார்?”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. “அதுக்கா? அது ஆச்சு ஒரு வருஷம்!”

“வருஷம் இன்னும் முடியல சார். அம்பத்தோரு வாரம்தான். குமிழ் கீதில்ல, வேற எங்கயாவது போய்க்கோங்க.”

அவர் காருக்குத் திரும்பிப் போய், கதவில் வேறு ஏதோ சாவியைத் திணித்துத் திருகிக்கொண்டிருந்தார். இப்போது எழுதும்போதும் அந்தக் கையை என்னால் பார்க்க முடிகிறது, பார்த்தால் இனிக்கத்தான் செய்கிறது. அவர் உயிரோடு இருந்தால் இதைப் படிக்கட்டும்.

மூன்று மணிக்குக் கடை முதலாளி வந்தார். எஞ்சினியர் நேராக அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்.

“இன்னாடா பேஜாரு பண்ணிகினு கீற? அந்தாளு ஃபேக்டரி மைக்கு, ஆம்ப்ளிஃபையர் அல்லாம் நம்ம கடைக்குத்தான் வருது. அவர் கைல போய் மோதிக்கினு கீறியே.”

“கடை வேலைல எதுனா தப்பு பண்ணேனா மொதலாளி?”

“வேலைய யார்டா சொன்னது? வேலைல உன்ன மாரி ஆளு கெடைக்காது. சாவியக் குடு. ரூமையும் காலி பண்ணிடு.” பிறகு, எனக்குக் கோபம் வராததைப் பார்த்து அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. “போறப்ப டீக்கடைல என் பேரச் சொல்லி எதுனா துன்னுட்டுப் போ.”

தென்னை மரத்தில் ஏறிக் கம்பியை அவிழ்த்தேன். ரிசீவர் இரண்டு ஆள் தூக்குகிற கனம், அங்கேயே விட்டுவிட்டேன். சுவரில் மாட்டியிருந்த தாளைக் கிழித்து எறிந்தேன். அறை போனால் முகவரி போச்சு, முகவரி போனால் லைசென்ஸும் போச்சு. அதெல்லாம் தெரிந்துதான் கண்டென்சரைக் கழற்றியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்கும்போது என்னை உறுத்தியது வேறு: நாளை விடியற்காலை அந்த ஆளுக்குப் பட்டை காலியாகக் கிடைத்துவிடும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தாங்காமல் போய்விட்டது என்று அடுத்த மைல் முழுவதும் அதையே அரைத்துக்கொண்டு நடந்தேன். இல்லாத விரல்கள் இருந்த இடத்தில் செருப்பு உரசி ரத்தம் வந்திருந்தது.

வண்டலூர் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், எதிரே தெற்கிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மாஸ்டர்.

“அண்ணா! உன்னப் பாக்கத்தான் வந்துகினு இருக்கேன்.” காலை ஊன்றி நின்று சாக்கைப் பார்த்தார். “இன்னா மூட்ட முடிச்சு? ஊரக் காலி பண்ணிட்டியா?”

“ஆமா மாஸ்டர்.”

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். “காலைல உன் செட்டுக்கு இன்னா ஆச்சு? பட்டாசுக் கட்டு மாரி வெடிக்குது. உன் சிக்னலா இப்பிடின்னு நம்பவே முடியல. கண்டென்சர் போயிருக்கும்னு தோணிச்சு. என் பழைய செட்டுலேர்ந்து ஒண்ணு கழட்டி எடுத்தாந்தேன். இந்தா, புடி.”

சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டிருந்தால் போதும். அன்றைக்கு அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஊரப்பாக்கம் போயிருப்பேன். அவர் வீட்டு முருங்கை மரத்தில் கம்பியைக் கட்டியிருப்பேன். முகவரி மாற்றி எழுதிப்போட அவரே கையெழுத்துப் போட்டிருப்பார்.

“போவல மாஸ்டர். நான்தான் கழட்டிட்டேன்.”

“கழட்டினியா? எதுக்கு?”

“எஞ்சினியருக்கு.”

அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. “அவருக்கா! போன வருஷத்துக்கா! சரியான ஆளுண்ணா நீ. கோபுரத்து மேல உக்காந்து அழுதிருப்பாரு மனுசன்.” சைக்கிள் பெல்லை ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். “இரு. நீ ‘இருக்கிறேன்’னு அடிச்சது அவருக்குத்தானே? நான் கேட்டது உனக்குக் கேக்கலதானே?”

நான் சாக்கைக் கீழே இறக்கினேன்.

“கேட்டுச்சு.”

“ரெண்டு வாட்டி கேட்டேன்.”

“ரெண்டு வாட்டியும் கேட்டுச்சு.”

“நான்னு தெரியுமா?”

“தெரியும்.”

ஒரு லாரிக்கு வழிவிட்டுச் சைக்கிளை ரோட்டோரமாகத் தள்ளி நிறுத்தினார். “வூட்ல இன்னிக்கு தனியா சர்ச்சுக்குப் போச்சுண்ணா. வருஷத்துல ஒரு நாளுன்னு கெஞ்சி உக்காந்தேன். எனக்கும் அந்த ஒரு கிறிஸ்டல்தான்.”

அவர் கண்டென்சரைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். சைக்கிளைத் திருப்பினார். ஏறிக்கொண்டு, பெடலை மிதிக்கும் முன் சொன்னார்:

“அவராவது கேக்கலன்னு பொய் சொன்னாருண்ணா.”

ஊரப்பாக்கம் பக்கம் போய்விட்டார். அந்த வார்த்தைக்குப் பிறகு அந்த ஊருக்கு என்னால் நடக்க முடியாது. திரும்பித் தாம்பரத்துக்கும் போக முடியாது. வண்டலூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சாக்கைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் மூலை இல்லாத பக்கமாகத் திருப்பி வைத்ததில் நன்றாகவே தூங்கினேன்.

விடியுமுன்னே விழிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் எஞ்சினியர் பிரேசிலைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், பதில் வந்துகொண்டிருக்கும் என்று தெரிந்தது. படுத்தபடியே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவருக்குச் செய்ததற்கு நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. மறுபடி கையில் கிடைத்தால் மறுபடி கழற்றுவேன். மாஸ்டருக்கு ஒரு கார்டு எழுதிப்போட வேண்டும் என்று அடுத்த சில வருடங்களில் எந்தெந்த ஊரிலோ நினைத்தேன்; எழுதவில்லை. கிறிஸ்டலை என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை.

டீ குடிக்கப் போன இடத்தில் கல்குவாரி மேஸ்திரி ஒருவர் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கண்ணு காது அல்லாம் நல்லா கீதா?”

“காது ரொம்ப நல்லா கீது.”

“இன்னா நொண்டுற?”

“ரெண்டு வெரல் இல்ல.”

“பரவால்ல. ஓடற வேலை இல்ல, நிக்கற வேலை.”

பாறைக்கு வெடி வைக்கும்போது பாதையில் வருகிறவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். எட்டு மணிக்கு என் கையில் ஒரு சிவப்புக் கொடியும் விசிலும் கொடுத்தார்கள். சாக்கை மேஸ்திரியின் குடிசையில் போட்டுவிட்டு, குவாரிப் பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் போய் நின்றேன். முதல் வெடிக்கு விசில் ஊதினேன். ஒரு கட்டைவண்டி, இரண்டு சைக்கிள், தலையில் கூடையோடு ஒரு பெண். கொடியை இறக்கும்வரை எல்லோரும் நின்றார்கள்.